மூன்று பேர் சரிசெய்த வண்டி

காலையில் கிளம்பும்போது தோர்லிக்கின் ரஷ்ய வேன் டிக் டிக்கென்று சத்தம் போட்டது; மற்றபடி நன்றாகவே ஓடியது. சத்தத்தைக் கேட்க அவர் வழியில் ஒருமுறை நிறுத்தினார். அதுதான் தப்பாகப் போயிற்று. நின்றிருக்கும் வண்டியைக் கடந்து போவது அந்த மேய்ச்சல் நிலத்தில் யாருக்கும் வழக்கமில்லை. உதவி வேண்டாம் என்று சொல்வதும் வழக்கமில்லை.

முதலில் வந்த லாரிக்காரர் வால்வு மூடியைத் திறந்து, சூடாக இருந்த எஞ்சினில் வால்வுகளை இறுக்கினார். அடுத்து மோட்டார் சைக்கிளில் வந்த மேய்ச்சல்காரன் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி வைத்தான். அதற்கும் பிறகு வந்த ஜீப்காரர் கார்புரேட்டரில் கை வைத்தார். மூன்று பேரும் இனிமேல் ஓடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வண்டி குலுங்கியது. கணவாய் மேட்டில் பாதி ஏறியதும் கல்லை உரலில் இடிப்பது போல் இடித்து நின்றுவிட்டது.

தோர்லிக் பின்னால் திரும்பவில்லை. பயணிகள் ஐந்து பேர். எப்போது போய்ச் சேருவோம் என்று யாரும் கேட்கவில்லை. வழியில் அப்படிக் கேட்டால் அபசகுனம். கேட்காமல் உட்கார்ந்திருந்ததுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு பனிக்காலத்தில் அவருடைய மந்தை நின்ற இடத்திலேயே உறைந்து செத்தது. மிஞ்சிய ஒட்டகங்களை விற்று வாங்கிய வேன் இது. எஞ்சின் பிரிக்க ராணுவத்தில் கற்றிருந்தார். இந்தத் தடத்தில் வெகுகாலம் இவர் ஒருவர்தான் வண்டி ஓட்டினார். இப்போது நெர்குய் என்பவன் ஜப்பான் கார் ஓட்டுகிறான். இன்று இந்த ஐந்து பேரும் கைமாறினால் அடுத்த வாரம் தோர்லிக்கை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இரண்டு இருக்கைகளுக்கு நடுவே இருந்த எஞ்சின் மூடியைத் தூக்கினார். எஞ்சினை மறுபடி ஓடவிட்டு ப்ளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்று, மூன்று, நான்கு, எதைப் பிடுங்கினாலும் எஞ்சின் தடுமாறியது. இரண்டாவதைப் பிடுங்கியபோது எந்த மாற்றமும் இல்லை. அந்த ஒயரில் பொறி நன்றாக வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, முன்னால் போய் எஞ்சினைச் சுழற்றும் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். மூன்று சிலிண்டர்கள் கையை எதிர்த்துத் தள்ளின. இரண்டாவது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. அளவுக்கு மீறி இறுக்கியதில் வால்வு மூடவில்லை.

"லாரிக்காரன் குடும்பம் நல்லா இருக்கட்டும்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"புழுதி தெரியுது தம்பி" என்றாள் துல்மா. கம்பளி வியாபாரம் செய்பவள். எப்போதும் முன் இருக்கையில்தான் உட்காருவாள். "நெர்குய் காரு."

தோர்லிக் உள்ளே தாவி மூடியைச் சாத்தி அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். "டீயை எடுங்கக்கா. எல்லாரும் டீ குடிக்கிறோம்."

நெர்குய் இறங்கி வந்தான். "என்னண்ணே, வண்டி படுத்துருச்சா?"

"வண்டிக்கென்ன? டீ குடிக்கிறோம்."

"மேட்டு நடுவுலயா?"

"இங்கதான் காத்து நல்லா வருது" என்றாள் துல்மா.

"அப்ப எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்துங்க." நெர்குய் படியில் உட்கார்ந்துவிட்டான்.

உப்பு டீயை அவன் ஊதி ஊதிக் குடித்தான். மழை பற்றிப் பேசினான். இரண்டாவது கிண்ணம் கேட்டான். மூடியின் சூடு தோர்லிக்கின் பின்புறத்தைப் பொசுக்கியது. அவர் அசையவில்லை.

"ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே, சத்தத்தக் கேப்போம்."

"டீ குடிக்கறப்ப எதுக்குடா சத்தம்?"

நெர்குய் சிரித்தான். கடைசி இருக்கையில் இருந்த கல்லூரிப் பையன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். யார் முகத்தையும் பார்க்காமல் போய் ஜப்பான் காரில் ஏறிக்கொண்டான். மற்றவர்கள் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தார்கள்.

கார் போனதும் தோர்லிக் எழுந்தார். எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தார். வால்வு இடைவெளிகளைத் தகடு வைத்து அளந்து தளர்த்தினார். டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய அடையாளக் கீறலுக்குத் திருப்பினார். கார்புரேட்டர் திருகைக் காதால் கேட்டுச் சரிசெய்தார். குலுக்கல் நின்றது. டிக் டிக் மட்டும் அப்படியே இருந்தது. புகைக் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கரி படிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார். ஒரு போல்ட் ஒடிந்து, புகை அந்த வழியாக டிக் டிக்கென்று கசிந்துகொண்டிருந்தது.

"இதுக்குத்தான் இவ்வளவுமா?" என்றாள் துல்மா.

"ஓட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது. வெறும் சத்தம்."

வண்டி மேட்டில் ஏறியது. கண்ணாடியில் காலி இருக்கை தெரிந்தது. அவர் கண்ணாடியைத் திருப்பி வைத்தார்.

"நீங்க போகலையேக்கா" என்றார். "நன்றி."

"எங்க போறது? என் மூட்டை அவன் கார்ல ஏறாதே. வேற வேன் வர்ற வரைக்கும் உன்கூடத்தான்."

தோர்லிக் கியரைக் குறைத்தார்.