சூலத்தில் தொங்கிய இரண்டாவது சாவி

சாவி காருக்குள் இருந்தது. போனும் காருக்குள். அம்மாவின் டயாலிசிஸ் ஃபைலும் காருக்குள். நாலு கதவும் பூட்டியிருந்தன. நானும் அம்மாவும் வெளியே, வேப்பமரத்தடியில். மணி பத்தே முக்கால். பன்னிரண்டு மணிக்கு அம்மா விருதுநகர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கொரோனா இரண்டாவது அலை அடித்த வைகாசி மாதம் அது. ரோட்டில் பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, ஆளே இல்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தில் எங்கள் ஊர் ஆத்தா என்ன செய்தாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவளைக் கும்பிடுகிறவர்கள் படித்தால் சந்தோஷப்படுவீர்கள். நம்பலாமா வேண்டாமா என்று நிற்கிறவர்கள் கடைசி வரை படியுங்கள்.

என் பெயர் முத்துமாரி. நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பி.காம். முடித்துவிட்டு ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் பில் போடுகிறேன். அம்மா பேச்சியம்மாள் அதே கம்பெனியில் இருபது வருஷம் திரி வைத்தவள். அப்பா இல்லை. நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாது. வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்தால்தான் உயிர்.

அந்த வருஷம் பங்குனியில் ஒருநாள் பஸ் வரவேயில்லை. டயாலிசிஸ் தவறிப்போனது. மூன்றே நாளில் அம்மாவின் கால் வீங்கியது, முகம் ஊதியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்னொரு தடவை தவறினால் நான் பொறுப்பில்லை என்றார். கூட்டமான பஸ்ஸிலும் இனிமேல் ஏற்றாதே, தொற்று வந்தால் தாங்கமாட்டார்கள் என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். அழுது முடித்ததும் கார் வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. காலேஜில் படிக்கும்போதே கார் லைசென்ஸ் எடுத்தவள். ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். தொற்றுக் காலத்தில் பழைய கார் வாங்குவது எப்படி என்று போனில் கிடைத்த எல்லாவற்றையும் பார்த்தேன். சாத்தூரில் ஒரு வாத்தியார் தன் காரை விற்பதாகத் தெரிந்தது. முதலில் வீடியோ கால். என்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிச் சத்தம் கேட்டேன். டயரைக் காட்டச் சொன்னேன். ஆர்.சி. புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி நம்பரைச் சரிபார்த்தேன். நேரில் போனது ஒரே ஒரு தடவைதான். அதுவும் திறந்த மைதானத்தில், நாலு கண்ணாடியையும் இறக்கி வைத்து, முகக்கவசம் போட்டு, அவர் அந்த ஓரம் நான் இந்த ஓரம். ஸ்டியரிங், கியர், கைப்பிடி எல்லாம் துடைத்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

எல்லாம் முடிந்து ஒரு சாவியைக் கொடுத்தார் வாத்தியார்.

"சார், இன்னொரு சாவி?"

"அது வீட்டுல எங்கனயோ கெடக்கும்மா. ஒண்ணு போதாதா?"

"போதாது சார். அது வந்தாத்தான் வண்டி."

வாத்தியார் திகைத்துவிட்டார். இரண்டு நாள் வீட்டையே புரட்டியிருக்கிறார்கள். கடைசியில் அரிசி டின்னுக்குள் கிடைத்தது. அம்மா என்னைக் கேலி செய்தாள்.

"நீ காரு வாங்கப் போனியா, சாவி வாங்கப் போனியா?"

சித்திரையில் வண்டி வீட்டுக்கு வந்தது. இரண்டு நாள் கதவைத் திறந்து வெயிலில் போட்டேன். பிறகு பூஜைக்குக் கோயிலுக்கு ஓட்டிப் போனேன். அப்போது கோயில்களில் பூசாரி மட்டும்தான் உள்ளே போகலாம். எங்கள் அம்மன் கோயில் ஒரே அறைதான், முன்னால் கம்பிக் கதவு. நாங்கள் வெளியே நின்றோம். பூசாரி மாமா உள்ளே இருந்து தட்டை நீட்டி இரண்டு சாவியையும் வாங்கினார். ஆத்தா காலடியில் வைத்து, மஞ்சள் கயிறு கட்டி, குங்குமம் வைத்தார்.

"மாமா, ஒண்ணு எனக்கு. இன்னொண்ண உண்டியல்ல போட்டுருங்க. அது ஆத்தாளுக்கு."

மாமா சிரித்தார். "ஏத்தா, ஆத்தா என்ன லைசென்சா வச்சிருக்கா? உண்டியல்ல விழுந்துட்டா, தொறக்குற வரைக்கும் ஒருத்தரும் எடுக்க முடியாது. சூலத்துல மாட்டுறேன். அவ பாத்துக்கிடுவா."

"வீட்டுல ஒரு ஆணி இல்லையாக்கும்?" என்றாள் அம்மா.

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. இரண்டு சாவியும் ஒரே வீட்டில் இருந்தால் அது ஒரு சாவிதான். ஒன்று தொலைகிற அன்றைக்கு இன்னொன்று வேறு இடத்தில், பத்திரமான கையில் இருக்க வேண்டும். ஆத்தாளைவிடப் பத்திரமான கை எது?

முழு ஊரடங்கு வந்தது. ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டி வாரம் இரண்டு முறை விருதுநகர் போய் வந்தோம். ஒருநாளும் தவறவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் என் நோட்டு செய்த வேலை என்று நினைத்தேன். கோயிலைத் தாண்டிப் போகும்போது கையெடுத்துக் கும்பிடக்கூட மறந்துவிடுவேன்.

அந்த வியாழக்கிழமை, அம்மாவின் இன்சூரன்ஸ் தாளில் மேனேஜர் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. போகிற வழியில் கம்பெனி வாசலில் நிறுத்தினேன். உள்ளே புழுக்கம் என்று அம்மா இறங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கேட்டைத் தாண்டும்போது போன், சாவி, தீப்பெட்டி எதுவும் மேலில் இருக்கக் கூடாது; ஒரு பொறி பறந்தால் போதும், வெடித்துவிடும். வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கேட்டைப் பார்த்தாலே எங்கள் கை தானாக மடியைத் தடவும். நான் கொடுக்கப் போனேன். வாட்ச்மேன் காளிமுத்து அண்ணாச்சி இரண்டடி பின்னால் போனார்.

"ஏ தாயி, இப்ப நான் யாரு சாமானையும் தொடுறதில்ல. அவுகவுக வண்டியிலயே வச்சிட்டு வரணும்னு மொதலாளி உத்தரவு."

சரி என்று போனையும் சாவியையும் சீட்டில் வைத்தேன். உள்பக்கப் பொத்தானை அமுக்கி, கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துச் சாத்தினேன். பழைய வண்டி. அப்படிச் சாத்தினால் சாவி இல்லாமலே பூட்டிக்கொள்ளும். மேலில் இரும்பு இல்லை என்ற நிம்மதியோடு உள்ளே போய்க் கையெழுத்து வாங்கி வந்தேன். காரின் கைப்பிடியில் கை வைத்த பிறகுதான் புரிந்தது.

கண்ணாடியை உடைத்துவிடலாம் என்று ஒரு கல்லைத் தூக்கினேன். அண்ணாச்சி அலறினார்.

"ஏ மாரி! கீழ போடு! வெடிமருந்து ரூமுக்கு எதுக்க நின்னு கல்லு தட்டுறியே, படிச்ச புள்ளதான நீ? தள்ளிக்கிட்டுப் போயி ஒடை!"

தள்ள முடியாது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தேன். மேனேஜரிடமும் அன்றைக்கு வண்டி இல்லை. அண்ணாச்சி கேபின் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். எல்லா வண்டியும் கொரோனா ஆட்களை ஏற்றிப் போயிருக்கிறது, இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அம்மா என்னைத் திட்டவில்லை. "மூச்சு கொஞ்சம் வாங்குதும்மா" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அண்ணாச்சியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு மிதித்தேன். இரண்டு கிலோமீட்டர். போகும்போதே தெரியும், பயனில்லை என்று. பூசாரி மாமா ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டில் இருந்தார். அவர் வீட்டு ஆட்களை முகாமுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். வீட்டை அடைத்துத் தகரம் அடித்திருந்தது. கோயில் சாவி அந்தத் தகரத்துக்குப் பின்னால்.

கம்பிக் கதவுக்குள் ஆத்தா இருந்தாள். பக்கத்தில் சூலம். சூலத்தில் எலுமிச்சம்பழம், அதற்குக் கீழே மஞ்சள் கயிற்றில் என் சாவி. தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டேன். விரலுக்கும் சாவிக்கும் நடுவில் ஒரு ஆள் நீளம். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. என் வாயில் வந்த பிரார்த்தனை இதுதான்:

"ஆத்தா, எனக்கு எல்லாந் தெரியும்னு ஆடுனேன். தப்பு. ஒன்னய நம்பித்தான ஒன்கிட்ட குடுத்தேன்? இப்பத் திருப்பிக் குடு. எனக்காக இல்ல. அங்கன மரத்தடியில உக்காந்திருக்காளே, அவளுக்காக."

கண்ணைத் திறந்தபோது ஒரு ஆடு என் முதுகுப் பக்கம் நின்று, வாசலில் கிடந்த வேப்பிலையைத் தின்றுகொண்டிருந்தது. அதை விரட்டிக்கொண்டு வெள்ளத்தாய் அக்கா வந்தாள். ஆடு மேய்க்கிறவள். துண்டால் வாயைக் கட்டியிருந்தாள். அவள் தோளில் தொரட்டி. கருவேலங்கொப்பை வளைத்து இழுக்கிற நீளக் கம்பு, நுனியில் கொக்கி.

நான் தொரட்டியைப் பார்த்தேன். சூலத்தைப் பார்த்தேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏ ஆத்தே! சாமி சூலத்துல தொரட்டிய மாட்டச் சொல்றியே, எங் கண்ணு அவிஞ்சு போகாது?"

"அக்கா, அம்மாவுக்கு மூச்சு வாங்குது."

அவள் ஒரு நிமிஷம் ஆத்தா முகத்தையே பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். தொரட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "குடுத்ததத் திருப்பிக் கேட்ட பக்தை நீ ஒருத்திதாண்டி" என்று முணுமுணுத்துக்கொண்டே கம்பிக்கு நடுவில் உள்ளே விட்டாள்.

முதலில் எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது. இரண்டாவது தடவை கொக்கி வழுக்கியது. மூன்றாவது தடவை கயிறு மாட்டியது. சூலம் ஆடவில்லை, விளக்கு சாயவில்லை. சாவி காற்றில் மிதந்து வந்து என் உள்ளங்கையில் இறங்கியது.

அவள் காலைத் தொடக் குனிந்தேன். விலகிக்கொண்டாள்.

"எங்கிட்ட என்ன கும்புடுற? நான் ஓடைப் பக்கம் போறவ. இந்த மூதேவி ஆடு இன்னைக்கு இங்கன இழுத்துச்சு, வந்தேன். போ போ, ஒங்கம்மாளப் பாரு."

பன்னிரண்டு ஐந்துக்கு அம்மா படுக்கையில் இருந்தாள். ஊசி ஏறியது. மெஷின் ஓடியது. நாலு மணிக்கு "பசிக்குதுடி" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த ஆடு எதற்கு அன்றைக்குப் பார்த்துப் பாதை மாறியது என்று என் நோட்டில் எழுத இடம் இல்லை. தற்செயல் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். கம்பிக்கு வெளியே நின்று கேட்டது நான். உள்ளே இருந்து கொடுத்தது அவள்.

ஆனியில் பூசாரி மாமா குணமாகித் திரும்பி வந்தார். நடந்ததைச் சொல்லி, சாவியைத் திரும்ப அவர் தட்டில் வைத்தேன். மாமா போய்ச் சுத்தியலை எடுத்து வந்தார். கம்பிக் கதவுக்கு உள்ளே, வெளியிலிருந்து கைவிட்டால் எட்டுகிற இடத்தில், நீளமாக ஒரு ஆணி அடித்தார். என் சாவியை அதில் மாட்டினார்.

"இனிமே ஆத்தா தொரட்டி தேட வேண்டாம்ல?"

அம்மா இன்றைக்கும் வாரம் இரண்டு முறை என்னோடு முன்சீட்டில் வருகிறாள். நோட்டு இன்னும் இருக்கிறது. ஆனால் கோயிலைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தி, இறங்கி, கும்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். இரண்டும் வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும்.

வண்டி வாங்குகிறவர்களே, இரண்டாவது சாவியை விடாமல் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை, நீங்கள் நம்புகிற சாமியின் பொறுப்பில் வையுங்கள். கேட்க வேண்டிய நேரத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். அந்த ஆணியில் இப்போது பதினோரு சாவி தொங்குகிறது. பைக் சாவி, டிராக்டர் சாவி, லோடு வண்டிச் சாவி. எடுத்துக்கொண்டு ஓடுகிற தைரியம் இதுவரை எவனுக்கும் வரவில்லை. கடைசியாகப் போன வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பித்தளைச் சாவி வந்தது. வெள்ளத்தாய் அக்கா தன் ஆட்டுக்கொட்டில் பூட்டுக்கு மறுசாவி போட்டு, மஞ்சள் கயிறு கட்டி, அவள் கையாலேயே மாட்டினாள்.

நீங்களும் வாருங்கள். நீளமான ஆணிதான், இன்னும் இடம் இருக்கிறது.