நாற்பது வினைச்சொற்களும் உங்கள் அத்தையும்

நேற்று உங்களில் சின்னவள் இங்கிலீஷ் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் இன்னொரு வினைச்சொல் வந்தால், அதற்கு முன்னே 'டு' போடுவதா, பின்னே 'இங்' சேர்ப்பதா என்று கேட்டாள். நான் ஏழாவதோடு நின்றவன். ஆனாலும் சட்டென்று பதில் சொன்னேன். அப்பாவுக்கு எவ்வளவு தெரிகிறது என்று நீங்கள் எல்லாரும் என்னை அண்ணாந்து பார்த்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள்மேல் இல்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. உங்கள் அத்தை, அதுதான் என் தங்கச்சி, என்னைவிட ஒரு வயது இளையவள். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைகளை ஒட்டிய சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஆற்றங்கரையில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் கணக்கு எழுதும் கிராணி வேலை. என்னையும் கிராணியாக்கிவிட வேண்டும் என்று இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்திருந்தார். எங்கள் வாத்தியார் கரும்பலகையில் நாற்பது வினைச்சொற்களை எழுதிப்போட்டார். 'வான்ட்' என்றால் 'டு கோ'. 'எஞ்சாய்' என்றால் 'கோயிங்'. ஏன் அப்படி என்று அவர் சொல்லவில்லை, கேட்கவும் விடவில்லை. தப்புக்கு உள்ளங்கையில் ஒரு ரோத்தான் பிரம்படி, அவ்வளவுதான் அவருடைய இலக்கணம். இருபத்தைந்து வருஷம் ஆகிறது, அந்த ஆளை நினைத்தால் இப்போதும் என் கை தானாக மூடிக்கொள்கிறது.

தினமும் சாயங்காலம் நான் அந்த நாற்பதையும் கத்திக்கொண்டிருப்பேன். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளுவாள். அவள் போய்வந்தது துரைசானிகள் நடத்திய பெண்கள் பள்ளி. தையலும் கொஞ்சம் இங்கிலீஷும் கற்றுக்கொடுப்பார்கள். பத்து வயது ஆகிவிட்டது, வருஷக் கடைசியோடு போதும் என்று அப்பா சொல்லியிருந்தார். ஒருநாள் அவள் நெத்திலியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏண்ணே மாடு மாதிரி கத்துறே? ஆசைப்படுறது, நம்புறது, வாக்குக் குடுக்குறது, இதுலெல்லாம் வேலை இன்னும் நடக்கல. இனிமேதான். அதுக்கு 'டு'. ரசிக்கிறது, முடிக்கிறது, நிறுத்துறது, இதுக்கெல்லாம் வேலை ஏற்கெனவே கையில இருக்கணும். அதுக்கு 'இங்'. போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். ஐந்தாறு சொற்கள்தான் அடங்கவில்லை. அதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள், மரமண்டை, என்றாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைவிடச் சின்னவள், அதுவும் வாத்தியாரே சொல்லாததை நெத்திலி கிள்ளிக்கொண்டே சொல்கிறாளே என்று உள்ளே வெந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு அடிகூட விழவில்லை. எப்படிடா என்று வாத்தியார் கேட்டதும், அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் ஒப்பித்தேன். அவர் அப்பாவைச் சந்தையில் பார்த்தபோது என்னைப் புகழ்ந்திருக்கிறார்.

தங்கச்சி என்னைத் தனியாகப் பிடித்துக் கெஞ்சினாள். தங்கச்சிதான் சொல்லிக்கொடுத்தாள் என்று அப்பாவிடம் ஒரு தடவை சொல்லிவிடு, அப்புறம் என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தமாட்டார் என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிட்டங்கியின் பெரிய கிராணி வீட்டுக்கு வந்தார். அப்பா என்னைக் கூப்பிட்டு நிறுத்தி ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று பெரிய கிராணி கேட்டார். மரமண்டை என்றது ஞாபகம் வந்தது.

"நானாத்தான் கண்டுபிடிச்சேன்" என்றேன்.

அடுப்படிக் கதவோரம் நின்றவள் வெளியே வந்துவிட்டாள். "இல்லப்பா, நான் சொன்னது. வேணும்னா என்னைக் கேட்டுப் பாருங்க."

பெரிய கிராணி சிரித்தார். "என்ன கிராணி, உங்க வீட்ல பொம்பளப் பிள்ளதான் பேசும்போல."

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. "நாலெழுத்துப் படிக்க அனுப்புனா, ஆம்பளைங்க பேசுற இடத்துல வந்து நிக்குது. நாளையிலேர்ந்து பள்ளிக்கூடம் வேண்டாம்" என்றார்.

அவளிடம் நாற்பதில் ஒன்றைக் கேட்டிருக்கலாம். ஒரே ஒன்று. யாரும் கேட்கவில்லை. பெரிய கிராணி காப்பியை ஆற்றிக் குடித்தார். அம்மா அடுப்படியை விட்டு வரவே இல்லை. உங்கள் தாத்தாவைக் குறை சொல்லி எழுதாதீர்கள் என்கிறாள் உங்கள் அம்மா. எழுதத்தான் செய்வேன். அவர் செய்தது அநியாயம். அந்த அநியாயத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது நான்.

மறுநாள் காலையில் சிலேட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். தங்கச்சி வாசற்படியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்வருகிறேன் என்றேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கிவந்து நீட்டினேன், தொடவில்லை. எனக்குக் கோபமான கோபம். பாடம் இல்லை, ரோத்தான் இல்லை, இனி எந்த வாத்தியாரும் இவளைக் கைநீட்டச் சொல்லமாட்டான். இவ்வளவு அதிர்ஷ்டம் வாய்த்தும் எதற்காக இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவள் எதிரிலேயே உட்கார்ந்து அந்தக் கடலை முழுவதையும் நானே தின்று தீர்த்தேன்.