பரிசலில் போன முட்டை அட்டைகள்

தென்பெண்ணையை நான் ஆறு என்று மதித்ததே இல்லை. அறுபதுகளின் கடைசியில், ஓசூரிலிருந்து பட்டுப்புழு முட்டைகள் ஒட்டிய அட்டைகளை விவசாயிகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த ஆற்றைச் செருப்புக் காலோடு நடந்தே கடப்பேன். மணலும் பாறையும் முள்ளும்தான். அன்றைக்கு, மைசூர் ராஜ்யத்தில் எங்கேயோ பெய்த மழை, எங்களுக்கு ஒரு தூறல்கூடப் போடாமல், செம்மண் தண்ணீராக வந்து குறுக்கே நின்றது.

அக்கரையில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும் காத்திருந்தார்கள். முந்தின தடவை வளர்த்த புழுக்கள் நோயில் செத்துவிட்டன. இந்தத் தடவையை நம்பித்தான் மல்பெரி இலையைப் பறிக்காமல் விட்டுவைத்திருந்தார்கள். என் பெட்டியிலிருந்த முட்டைகளில் கறுப்புப் புள்ளி விழுந்தாயிற்று. மறுநாள் காலை பொரிந்துவிடும். நனைந்தால் எல்லாம் போச்சு.

பரிசல்காரர் ஏறுகிறவர்களை இரண்டாகப் பிரிப்பார். புதியவர்கள் நடுவில், தரையோடு தரையாக. பழகினவர்கள் விளிம்போரம், அவர்களில் ஒருவர் இரண்டாவது துடுப்பைப் போடவேண்டும்.

"நீங்க பழகனவரா சார், புதுசா?"

எனக்கு முன்னால் கோழிக்கூடையோடு ஏறிய அம்மாள், "பழக்கந்தான்" என்று விளிம்போரம் உட்கார்ந்திருந்தார். பேன்ட் போட்ட நான் நடுவில் உட்காருவதா? "பழகனவன்தான்" என்றேன். துடுப்பு கைக்கு வந்தது. பெட்டி மடியில்.

நான் இழுத்த இழுப்பில் பரிசல் முன்னால் போகவில்லை, சுற்றியது. அக்கரை வந்தது, போனது, இக்கரை வந்தது.

"ஏன் சார், மாவாட்டறீங்களா?" என்றார் கோழிக்கூடை அம்மாள்.

நான் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். பரிசலில் எழுந்து நிற்பதற்குப் பதில் நேரே ஆற்றில் குதித்துவிடலாம்.

பதற்றம் வந்தால் பரிசல்காரருக்குத் தமிழ் போய்த் தெலுங்கு வந்துவிடும். "கூர்ச்சோண்டி சார், கூர்ச்சோண்டி!" என்று உட்காரச் சொல்லிக் கத்தினார். எனக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். அந்த நிமிஷத்தில் எந்த பாஷையும் தெரியவில்லை.

அந்த அம்மாள் என் பேன்ட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கோழிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். துடுப்பை அவரே எடுத்துக்கொண்டார். நாலு போடு போட்டதும் சுற்றல் நின்றது. அப்புறம் தண்ணீர் சத்தமில்லாமல் நகர்ந்தது. நடு ஆற்றுப் பாறையில் ஒரு கொக்கு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் பெட்டியைத் தலைக்கு மேலேயே வைத்திருந்தேன்.

கரையில் விவசாயி கை நீட்டினார். "குடுங்க சார்."

"குடுக்கறேன், குடுக்கறேன்" என்கிறேன், விரல்கள் விடமாட்டேன் என்கின்றன. அவர் மனைவி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து, பெட்டியைத் திறந்து, அட்டைகளைத் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரமில்லை.

"எல்லாம் நல்லாருக்கு. சாருக்குத்தான் ஒடம்பு நடுங்குது, ஒரு சொம்பு தண்ணி குடு" என்றார் கணவரிடம்.

"தண்ணி வேணாம்மா" என்றேன்.

அதற்குள் அவர் பெட்டியை முந்தானையால் மூடி, வெயில் படாமல் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார்.