வலிப்புக்கு முதல் எண் ஐந்து

போன வாரம் கம்ப்யூட்டரிடம் ஒரே ஒரு 'ஒன்று' கேட்டேன். தர மாட்டேன் என்று அடம்பிடித்தது!

என் மகள் ஜெனிக்கு இரண்டு வயது. காய்ச்சல் ஏறினால் சில சமயம் வலிப்பு வந்துவிடும். திங்கட்கிழமை முதல் நான் தருமபுரியில் மறுபடி வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பகலில் இண்டூர் வீட்டில் அவளும் என் மாமியாரும் மட்டும்தான். பயம் இருக்காதா? டாக்டர் சொன்னதையெல்லாம் டைப் செய்தேன். மேலே 'காய்ச்சல் வந்தால்' — நான்கு வேலைகள். கீழே 'வலிப்பு வந்தால்' — மூன்று.

எண்களைக் கம்ப்யூட்டரே தானாகப் போட்டதில், இரண்டாவது பட்டியல் ஐந்தில் தொடங்கியது. ரைட் கிளிக் செய்து அதை 'ஒன்று' என்று மாற்றினேன். பிறகுதான், அத்தையின் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று தோன்றியது. ஒவ்வொரு வரியாகவா எழுத்தைப் பெரிதாக்குவது? எழுத்தின் அளவு, எண் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தீர்மானிக்கும் 'ஸ்டைல்' ஒன்றில் மாற்றி, எல்லா வரிக்கும் அதையே போட்டேன். படித்தவள் இல்லையா! பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

மனம் கேட்கவில்லை. வாசலில் நின்றுகொண்டு அத்தைக்கு போன் செய்தேன் — ஒத்திகை.

"ஜெனிக்கு வலிப்புனு வெச்சுக்கங்க அத்தை. பேப்பரப் பாருங்க. ரெண்டாவது என்னங்க?"

"மருந்து குடுக்கணும்னு போட்டிருக்குது கண்ணு. வாயில ஊத்தட்டுமா?"

எனக்கு உயிரே போய்விட்டது. வலிப்பின்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது... அதுதான் நான் எழுதிய இரண்டாவது! உள்ளே ஓடிப் பார்த்தால், வலிப்பு மறுபடி ஐந்தில் தொடங்குகிறது. 'இரண்டு' என்று இருப்பது காய்ச்சலுக்கு மட்டும்தான்.

ஸ்டைலைப் போட்டதும் நான் திருத்திய அந்த 'ஒன்று' அழிந்திருக்கிறது. ஒரே ஸ்டைல் என்றால் ஒரே பட்டியலாம்! நடுவில் கொட்டை எழுத்தில் தலைப்பு இருப்பது அதன் கண்ணில் படாதாம். எண்ணை அழித்துவிட்டு நானே 'ஒன்று' என்று டைப் செய்தேன். உதவி செய்கிறேன் பேர்வழி என்று அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. யார் கேட்டார்கள் இந்த உதவியை?

"ஒரு ஒன்னு போடறதுக்கா இவ்ளோ நேரம்? உனக்கு டிகிரி குடுத்தவங்கள சொல்லணும்" என்றார் கணவர்.

"நீங்கதான் வந்து போடுங்களேன், பாக்கலாம்."

வந்தார். போட்டார். காய்ச்சலின் எண்களும் காணாமல் போயின.

கடைசியில் வலிப்பைத் தனி ஃபைலாக்கி, தனிக் காகிதத்தில் எடுத்தேன். மறுபடி ஒத்திகை. "ரெண்டு, வாயில ஒன்னும் குடுக்கக் கூடாது" என்று அத்தை உரக்கப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. நமக்காகத் தானாகவே யோசிக்கிறவர்களை — மெஷினோ, சொந்தக்காரரோ — ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

திங்கட்கிழமை கிளம்பும்போது அத்தை கேட்டார்: "நீ வர்ற வரைக்கும் நம்பரெல்லாம் அப்படியேதான இருக்கும் கண்ணு? மாறிடாதில்ல?"

"பேப்பர்ல அடிச்சது எப்படிங்க அத்தை மாறும்?" என்று சிரித்தேன்.

ஃபிரிட்ஜை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.