ஆவணி மாதத்து நோன்புக் கஞ்சி

நாகல் நகர் காதர் பீவி கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் கப்பல் விஷயத்தில் அந்தத் தெருவில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. திண்டுக்கல்லில் கல்யாண வீடுகளுக்கு பிரியாணி ஆக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் நைனா முகமது, சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போயிருந்தார்.

ஒன்பது மாதத்தில் வருவதாகப் பேச்சு. இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கப்பல் ஏதோ ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் நின்றுவிட, முதலாளி கம்பி நீட்டிவிட்டான். அவன் ஒரு நாட்டுக்காரன், கப்பலில் பறந்த கொடி வேறு நாட்டுடையது. கப்பலிலேயே மாட்டிக்கொண்ட ஆட்களைக் கூட்டிவரத்தான் நாதியில்லை.

எண்பத்தேழு கடைசியில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. கைவிடப்பட்ட மாலுமிகளை முதலாளி செலவிலேயே ஊர் சேர்க்க வேண்டும், அவன் தவறினால் நாடுகள் பொறுப்பேற்க வேண்டும் என்று ஜெனீவாவில் ஒப்பந்தமாம். காதர் பீவிக்கு அது போதும். மறுநாளே வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டாள், அவசரக்காரி!

தூத்துக்குடி மாலுமிகள் சங்கத்திலிருந்து வந்த ஞானதாஸ்தான் அவள் தலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார்.

"நம்ம நாடு இன்னும் கையெழுத்துப் போடலியேம்மா. போடச் சொல்லி டெல்லிக்கு மனு எழுதுறோம். அங்க படுற பாட்டுக்கு அத்தாட்சி வேணும். அவரு எழுதுன கடுதாசி இருக்கா?"

பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். பதினான்கு கடிதங்கள். படித்துவிட்டு ஞானதாஸ் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாத்துலயும் நலம்னுல்ல எழுதியிருக்காரு?"

அந்த வீட்டு வழக்கம் அது. தூரத்தில் இருப்பவரைக் கலங்க வைக்கக்கூடாது. டைபாய்டில் இருபது நாள் கிடந்தபோது அவளும் நலம் என்றுதான் எழுதினாள். நைனா முகமதுவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு, அன்றன்று ஆக்கியதை எழுதிவிடுவார். காதர் பீவி அதை வரிசையாக வாசித்துக் காட்டினாள். பிப்ரவரியில் ஆட்டுக்கறி. ஜூனில் பருப்பும் கருவாடும். அப்புறம், "இன்று நோன்புக் கஞ்சி காய்ச்சினேன், உன் நினைவு வந்தது."

தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்த வரி. இப்போதுதான் தேதியைப் பார்த்தாள். ஆவணி மாதம். நோன்பு வைகாசியிலேயே முடிந்திருந்தது. அடுத்த கடிதத்திலும் கஞ்சி. அதற்கடுத்ததிலும் கஞ்சி. இருந்த அரிசியில் தண்ணீரைக் கூட்டி அத்தனை பேருக்கும் ஊற்றிவிட்டு, அதற்கு அவளுக்குப் பிடித்த பெயரை வைத்திருக்கிறார் மனுஷன்.

"மூணு மாசமாக் கஞ்சிண்ணே," என்றாள். கஞ்சிக் கடிதங்களைத் தனியே எடுத்து வைத்தாள்.

"இதுதாம்மா அத்தாட்சி. குடுக்கறியா?"

அவரிடமிருந்து வந்ததென்று அவளிடம் இருந்தது அந்தக் கடிதங்கள்தான். கொடுத்தாள்.

"கையெழுத்துப் போட எம்புட்டு நாளாகும்ணே?"

"வருசக்கணக்காகலாம்மா. ஆனா கேட்டாத்தான் நகரும்."

அவர் போனதும் காதர் பீவி கடிதம் எழுத உட்கார்ந்தாள். முதல் வரியில் வழக்கம்போல 'நலம்' வந்து விழுந்தது. அடித்தாள்.

"இங்கே நலமில்லை. வெள்ளையடித்த வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இனிமேல் நோன்புக் கஞ்சி என்று எழுதாதீர்கள். பசிக்கிறது என்று எழுதுங்கள்."