ரெட்டைப் பிள்ளைகள் என்று சொன்னேன்

என் தங்கை வனிதாவுக்கு அப்போது பதினைந்தரை வயது. ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் பதினெட்டு. அப்படி எழுத வைத்தவள் நான். அந்தப் பொய்யால் அவள் கழுத்தில் தாலி ஏற இருந்ததையும், கர்த்தர் அதை நிறுத்தியதையும்தான் சொல்லப்போகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

அம்மா இறந்தபோது எனக்கு எட்டு வயது, அவளுக்கு ஐந்தரை. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். செக்கானூரணிப் பக்கம் தாய்மாமா வீட்டில் இரண்டு மாதம் இருந்தோம். பிறகு அந்த மாமாவே எங்களை மதுரைக்குக் கூட்டிவந்து, குழந்தைகள் நலக் குழு அலுவலகத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கே இருந்த ஒரு மேடம், "சின்னது ஆறு வயசுக்குள்ளன்னா வேற இல்லத்துக்குத்தான் போகணும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நாங்க ரெட்டைப் பிள்ளைங்க மேடம்" என்றேன். அவர் வனிதாவை மேலும் கீழும் பார்த்தார். "அவ சோறே திங்க மாட்டா. அதான் வளரல" என்றேன். எங்களிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. இருவருக்கும் ஒரே பிறந்த தேதியை எழுதிக்கொண்டார்கள்.

பசுமலைப் பக்கம் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். வார்டன் எஸ்தர் அம்மாதான் எங்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தார். நானும் வனிதாவும் ஒரே வகுப்பு, ஒரே கட்டில். ரெட்டைக்கு அக்கா ஏது என்று, என்னைப் 'பாண்டி' என்று பேர் சொல்லியே கூப்பிடப் பழகினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. அவள்தான் பாவம். வயதுக்கு மீறிய பாடத்தோடு மல்லுக்கட்டி, மக்கு என்று பெயர் வாங்கி, பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறைதான் தேறினாள். ஒருநாள்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பதினெட்டு வயதானால் இல்லத்தைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் பதினெட்டுக்குக் கேக் வெட்டுகிறார்கள். நாங்கள் பெட்டி கட்டுகிறோம். வைகாசி முடிவதற்குள் போக வேண்டும் என்றார்கள். ஆரப்பாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலையும், கடைப் பெண்களோடு தங்க இடமும் கிடைத்தது. வனிதாவையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அப்போதுதான், பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத மாமா, கையில் பூவும் பழமுமாக வந்து நின்றார்.

"சின்னவள நான் கூட்டிட்டுப் போறேன். மாப்பிள்ளை பாத்தாச்சு. சொந்தமா லாரி வச்சிருக்கான். ஆனியில முகூர்த்தம்."

"மாமா, அவளுக்குப் பதினஞ்சுதான். ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் தாயி. ஆதார்ல பதினெட்டுன்னு போட்ருக்குல்ல, அது போதும். எவன் வந்து கேக்கப் போறான்?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது என்பார்களே, அது நான்தான். வனிதாவிடம் ஓடினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நீ கடையில நாளெல்லாம் நின்னு எனக்கும் சேத்துச் சோறு போடணுமா? நான் போறேன் பாண்டி. எங்கிட்டாவது ஒரு வீடு வேணும்ல" என்றாள். அவள் முகத்தில் அழுகைகூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். மாமா மனதை மாற்றும் என்று கேட்டேன். மாப்பிள்ளைக்கு வேறு பெண் அமையட்டும் என்று கேட்டேன். அந்த லாரி எங்காவது கவிழட்டும் என்றுகூடக் கேட்டேன், ஆண்டவர் மன்னிப்பாராக. உண்மையை மட்டும் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். சொன்னால் போலீஸ் பிடிக்கும், என் சான்றிதழும் செல்லாது, இல்லத்தை மூடிவிடுவார்கள் என்று பயம். வானம் அடைத்துக் கிடந்தது. செத்துப்போனால் தேவலை என்று இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் முழங்காலில் நின்றபோது, கேட்பதற்கு வார்த்தையே வரவில்லை. எழுந்து போய் வார்டன் அம்மாவிடம் சொல் என்பது மட்டும் மனதில் திரும்பத் திரும்ப வந்தது. எஸ்தர் அம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பத்து வருஷமா எங் கையப் பிடிச்சுத்தானடி ஜெபம் பண்ணுன? ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பிறகு, "செருப்பப் போடு. வா, போவோம்" என்றார்.

குழு அலுவலகத்தில் இப்போது வேறொரு மேடம். பொய்யை ஒரே நிமிடத்தில் நம்பிய இடத்தில் உண்மையை நம்ப ஆள் இல்லை. கல்யாணத்தை நிறுத்தக் கதை கட்டுகிறாயா என்று கேட்டார். மாமாவை வரச் சொன்னார். மாமா நெஞ்சில் கை வைத்து, "ரெட்டைப் பிள்ளைங்கதான் மேடம். என் தங்கச்சி பெத்ததுக" என்று சத்தியம் செய்தார். என் பொய்யை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கடைசியில் அந்த மேடம், எலும்பை எக்ஸ்ரே எடுத்தால் வயது தெரியும் என்று இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். முடிவு வர நான்கு நாள். அது ஒன்றிரண்டு வருஷம் முன்பின் காட்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பதினெட்டு என்று காட்டிவிட்டால் என்ன செய்வது? அந்த நான்கு நாளும் நான் சாமர்த்தியமாக எதையும் கேட்கவில்லை. "ஆண்டவரே, அவ பிள்ளை, அவளக் காப்பாத்தும்" என்று மட்டும் அழுதேன்.

எனக்குப் பதினெட்டு நிறைந்திருந்தது. வனிதாவுக்குப் பதினாறு தாண்டவில்லை என்று வந்தது. மாமா அதன் பிறகு பசுமலைப் பக்கமே வரவில்லை. என்னைப் போலீஸ் பிடிக்கவும் இல்லை. "எட்டு வயசுல சொன்னதுக்குக் கேஸா போடுவாங்க?" என்று மேடம் திட்டியதோடு சரி.

வனிதா இல்லத்திலேயே இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. இப்போது தன் வயதுப் பிள்ளைகளோடு பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தோற்ற இரண்டு வருஷத்தையும் கர்த்தர் இப்படிச் சரிக்கட்டினார். நான் மட்டும் பெட்டியோடு கிளம்பினேன். எங்களைப் பிரித்துவிடக் கூடாது என்றுதான் அன்று பொய் சொன்னேன். என் ஜெபத்துக்குக் கிடைத்த பதிலோ அந்தப் பிரிவுதான். அதற்காகத்தான் இன்று ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

எதையாவது முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஜெபிக்கிறவர்கள் உங்களில் இருந்தால், அதை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. அவர் கைவிடவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வனிதாவைப் பார்க்கப் போகிறேன். வாசலில் பார்வையாளர் நோட்டு இருக்கும். பிள்ளைக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதிவிட்டு உள்ளே போகிறேன்.