இரண்டு விரற்கடை தூரம்

போன வாரம் வீட்டில் இன்வெர்ட்டர் மாட்ட ஒரு தம்பி வந்திருந்தார். அவர் ஒயரில் சுற்றுவது புது டேப்பா, எங்கேயோ பிரித்தெடுத்த பழைய டேப்பா என்று நான் ஏணிக்குக் கீழே நின்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சுபாவம் அப்படி. "சார், நீங்க போயி உக்காருங்க, நான் பாத்துக்குறேன்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். போனால் என்ன செய்வாரோ என்று இன்னும் கிட்டத்தில் போய் நின்றேன். அப்போதுதான் அந்த இன்சுலேஷன் டேப்பின் வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாசனைக்கும் எனக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு.

நான் சர்வேயராக வேலைக்குச் சேர்ந்த காலம் அது. நன்னிலத்தைச் சுற்றிய கிராமங்கள். காலையில் வரப்பில் கால் வைத்ததுமே ஆரம்பித்துவிடும். "பக்கத்து வயக்காரன் வரப்ப வெட்டிட்டான் சார்" என்பார் ஒருவர். "அவருதாங்க எல்லைக்கல்லப் புடுங்கித் தள்ளி நட்டுட்டாரு" என்பார் மற்றவர். இரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள். சங்கிலி போட்டு அளந்தால் கல் நகர்ந்துதான் இருக்கும். மூன்று வருஷம் இதிலேயே ஓடினால் மனுஷனுக்கு என்ன ஆகும், சொல்லுங்கள். அறையில் தண்ணீர்ச் செம்பு இடம் மாறியிருந்தால்கூட யார் நகர்த்தியது என்று கேட்கத் தோன்றும்.

கும்பகோணத்தில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர் கதிரேசன். பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. சட்டையில் எப்போதும் லேசாக மருந்து நெடி அடிக்கும். அந்த ஊரில் எனக்கிருந்த ஒரே சிநேகிதர் அவர்தான். அடுத்த தெருவில் ஓர் உரக்கடையின் மாடியில் பில்லியர்ட்ஸ் விளையாடும் இடம் இருந்தது. ஒரே ஒரு மேஜை, ஓரத்தில் பந்தைத் தள்ளும் கம்புகள் ஐந்தாறு; கியூ என்பார்கள். ஒரு சாயங்காலம் என்னை அங்கே கூட்டிப்போனார்.

எனக்குப் பிடி வரவே இல்லை. பகலெல்லாம் அளவுக் கம்பை மண்ணில் குத்தி நிறுத்திப் பழகிய கை. கியூவையும் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்தேன். போகவேண்டிய பக்கத்தைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் பந்து போனது.

"மழை விட்டதுக்கப்புறம் கொடைய எப்படிப் புடிச்சுக்கிட்டு வருவீங்க? அப்படிப் புடிங்க சார்" என்றார் கதிரேசன்.

ஒருவர் தன் வித்தையைச் சும்மா சொல்லிக்கொடுப்பாரா என்று அன்றைக்கே எனக்கு ஒரு யோசனை. ஆனால் பிடி தளர்ந்ததும் பந்து சொன்னபடி கேட்டது. அடுத்து, பிடிக்கும் இடம் நாளுக்கு நாள் மாறியது. ஒரு நாள் முன்னே பிடிப்பேன், மறுநாள் பின்னே. ஒரு வாரம் முயன்று எனக்குத் தோதான இடத்தைக் கண்டுபிடித்தேன். அடிமுனையிலிருந்து ஒரு சாணும் இரண்டு விரற்கடையும். நான் எப்போதும் எடுக்கும் கியூவில் அந்த இடத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒன்றைச் சுற்றினேன். அதைப் பிடித்து ஆடி, சில நாளிலேயே கதிரேசனை முதல் தடவையாக ஜெயித்தேன்.

அதற்கு மறுநாள் கை பழையபடி தடுமாறியது. சாண் போட்டுப் பார்த்தேன். டேப் இரண்டு விரற்கடை முன்னே போயிருந்தது. சரிசெய்தேன். அடுத்த நாள் அரை விரற்கடை பின்னே. கல்லை நகர்த்தியிருக்கிறார்கள்! டேப்புக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். மறுநாள் போனபோது புள்ளி வெளியே தெரிந்தது. தினமும் எனக்கு முன்னால் அங்கே வருபவர் கதிரேசன். தோற்ற ஆத்திரமும் அவருக்குத்தான். தீர்ப்பெழுத எனக்கு வேறென்ன வேண்டும்?

நாலைந்து பேர் நிற்கும்போதே கேட்டுவிட்டேன். "டேப்ப நீங்கதானே நகத்துறீங்க?"

அவர் சிரித்தார். "ஏன் சார், இது என்ன வரப்பா?"

"நான் அளந்து பாத்துட்டேன்."

"நான் நகத்துனதப் பாத்தீங்களா?"

"வேற யாரு நகத்துவா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த கியூவைச் சுவரில் சாய்த்தார். "சரிங்க" என்றார். அந்த வாரமே அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். தப்பு செய்யாதவர் ஏன் போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் போன பிறகும் டேப் நகர்ந்தது.

ஒரு நாள் வயலில் மழை பிடித்துக்கொண்டது. வேலையை நிறுத்திவிட்டு மத்தியானமே ஊர் திரும்பியவன் நேரே மாடிக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, உள்ளே பந்து மோதும் சத்தம். குனிந்து பார்த்தால், அந்த இடத்தை நடத்துபவரின் மனைவி மலர்க்கொடி அக்கா. கணவர் சாப்பிடப் போகும் நேரத்தில் இடத்தைப் பார்த்துக்கொள்பவர். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, என் கியூவில், மூன்று பந்துகளை வரிசையாகக் குழிக்குள் தள்ளினார். எங்கள் யாருக்கும் அந்தக் கை கிடையாது.

என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அவருக்குத் தெரிஞ்சா என்னைய மாடிக்கே ஏறவிட மாட்டாரு சார். யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

"இந்த டேப்பு..."

"என் கைக்கு அது எட்டல. கொஞ்சம் தள்ளி ஒட்டிக்குவேன். போறப்ப பழைய எடத்துலயே ஒட்டிருவேனே!"

குத்துமதிப்பாக ஒட்டியிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

கதிரேசனிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் கோபத்தில் அவர் அக்காவைக் காட்டிக்கொடுத்துவிட்டால்? இப்படி அவரை இன்னொரு தடவை சந்தேகப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். உங்களிடம் மறைப்பானேன், மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கம். அக்காவின் ரகசியம் அதற்கு வசதியாக இருந்தது.

பிறகு அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. மாடி உர மூட்டை அடுக்கும் இடமானது. மறைக்க எந்தக் காரணமும் மிச்சமில்லாத ஒரு நாளில், மன்னார்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் கதிரேசன் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் இருந்தவரிடம் என்னைக் காட்டி, "இவரு சர்வேயரு. இவரு அளந்தா தப்பே வராது" என்றார். பாராட்டா, குத்தலா? முகத்தைப் பார்த்தேன். ரசம் பிசைந்துகொண்டிருந்தார். குத்தல்தான் என்று முடிவுகட்டி நானும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். கைகழுவிவிட்டு வந்தபோது அவர் இல்லை.

சென்ற தை மாதம் கதிரேசன் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். செய்யாத தப்போடு போயிருக்கிறார். அதை அவர் தலையில் ஏற்றியவன் நான். இறக்கிவைக்க எனக்கு ஒரு பந்தி நேரம் முழுதாகக் கிடைத்தது.